என்ஏஎஸ் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்க

என்ஏஎஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ரெய்டு-இசட்1 அமைப்பில் (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்; அதற்காக ஒரு டிஸ்க் அளவு இடம் போய்விடும்) உள்ள நான்கு 4 டிபி டிஸ்க்குகளை 8 டிபிக்கு மாற்ற, எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. கையில் காசு சேரச்சேர ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆனால் நான்காவது டிஸ்க்கும் மாறும்வரை கொள்ளளவு உயராது. அதுவரை பழைய 12 டிபிதான். அதன் பிறகே 24 டிபி.

முதலில் பேக்கப். அடுத்து ஒரு முழு ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துப் பிழை பார்க்கும் சோதனை) ஓட்டி, பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். புது டிஸ்க்கில் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும் வசதி) நீள சோதனையை ஓட்டுங்கள். அரை நாளுக்கு மேல் ஆகும், பொறுத்திருங்கள்.

காலி சாட்டா போர்ட் இருந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றாமலே புதியதைச் செருகி, ரீப்ளேஸ் கட்டளை கொடுங்கள். இதுதான் சிறந்த வழி. பழையதை முதலில் உருவினால், ரீசில்வர் (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதி நிரப்புவது) முடியும்வரை பாதுகாப்பே இருக்காது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் மொத்த பூலும் (டிஸ்க்குகள் சேர்ந்த சேமிப்புத் தொகுப்பு) போய்விடும். உருவும் முன் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். டிஸ்க்குகளுக்குக் கணினி தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறக்கூடும்.

எஸ்எம்ஆர் டிஸ்க் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியுமாறு எழுதும் வகை) வேண்டவே வேண்டாம். தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும், ரீசில்வர் நாள்கணக்கில் இழுக்கும். சிஎம்ஆர் (தடங்கள் அப்படிப் படியாத வகை) என்று தயாரிப்பாளர் விவரக்குறிப்பில் இருப்பதையே வாங்குங்கள்.

நான்கும் மாறிய பிறகும் இடம் கூடவில்லையா? ஆட்டோஎக்ஸ்பாண்ட் (கூடிய இடத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு) அணைந்திருக்கும். அதை ஆன் செய்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆன்லைன் கட்டளையை விரிவாக்கத் தெரிவுடன் கொடுங்கள். விரிந்தபின் 4 டிபி டிஸ்க்குகளுக்குத் திரும்ப முடியாது.