ஐந்தாம் ஆண்டில் உதைத்த தேய்மானக் கணக்கு

ஒரே இயந்திரத்துக்கு மூன்று முறைகளில் தேய்மானம் (ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) போட்டு ஒப்பிட வேண்டியிருந்தது. அடக்கவிலை 1,00,000, ஆயுள் 5 ஆண்டு, ஆயுள் முடிவில் எஞ்சும் இறுதி மதிப்பு 10,000. நேர்கோட்டு முறை உடனே முடிந்தது: 90,000-ஐ ஐந்தால் வகுத்து, ஆண்டுக்கு 18,000.

ஒவ்வொரு ஆண்டும் மீதி மதிப்பில் ஒரே சதவீதத்தைக் கழிக்கும் குறைந்து செல் மதிப்பு முறையில்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்தாண்டு ஆயுளுக்கு ஆண்டுக்கு 20%; அந்த விகிதத்தை இரட்டித்து 40% போட்டேன். ஆனால் பழக்கதோஷத்தில் இறுதி மதிப்பை முதலிலேயே கழித்துவிட்டு, 90,000-இல் தொடங்கிவிட்டேன். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு (அடக்கவிலையில் மொத்தத் தேய்மானம் போக மீதி) 16,998 என்று நின்றது. 10,000 அல்லவா வரவேண்டும்!

சரி, முழு அடக்கவிலையிலிருந்தே தொடங்கினேன். 40,000, 24,000, 14,400, 8,640. நான்கு ஆண்டில் மீதி 12,960. அடுத்து அதில் 40% என்றால் 5,184. ஏட்டு மதிப்பு 7,776-க்கு இறங்கிவிடுகிறது. இறுதி மதிப்புக்குக் கீழே போகக் கூடாது.

அப்புறம்தான் புரிந்தது. இந்த முறையில் இறுதி மதிப்பு தொடக்கத்தில் வருவதில்லை, கடைசியில் தடுப்புச்சுவர் மாதிரி நிற்கிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு தொகை பார்த்தேன்: 40% தேய்மானம், ஏட்டு மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். இரண்டில் சிறியதை எடுத்தேன். ஐந்தாம் ஆண்டுக்கு 2,960 வந்தது. மொத்தம் சரியாக 90,000. எக்செலில் இந்த இரட்டிப்பு முறைக்கான டிடிபி (DDB) சூத்திரமும் அதே 2,960-ஐக் காட்டியபோதுதான் மனசு ஆறியது.

ஆண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகை முறையில் இந்தத் தொல்லை இல்லை. 90,000-ஐ 15 பங்காக்கி 5, 4, 3, 2, 1 என்று பிரித்தால் 30,000-இல் தொடங்கி 6,000-இல் முடிகிறது.