மான்ஸ்டர் பட போஸ்டரைக் கட்டைவிரலால் படிப்பது எப்படி?

இதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு போனும் உங்கள் கட்டைவிரலும் போதும். 1975-இல் வந்த ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தின் போஸ்டரைத் தேடி எடுத்துத் திரை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ரோஜர் காஸ்டெல் வரைந்தது. படத்துக்கு மூலமான நாவலின் பேப்பர்பேக் அட்டைக்கென்று வரைந்த ஓவியம் அப்படியே படத்துக்கும் வந்துவிட்டது.

படி 1: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பல், துடுப்பு எல்லாம் மங்கி, மேலே வெளிர்நிறம், கீழே நீலம், நடுவில் மேல்நோக்கிய ஒரு கூர்முனை மட்டும் மிஞ்சும். அந்த முனை உங்கள் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இடத்தில்தான் ஒரு பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள்.

படி 2: சரி, இப்போது அந்தப் பெண்ணை விரலால் மறையுங்கள். சுறா எவ்வளவு பெரிது? சொல்லவே முடியாது. ஏதோ ஒரு மீன், அவ்வளவுதான். விரலை எடுத்தால் மறுபடி பூதமாகிவிடும். படத்தில் வரும் சுறா 25 அடி. போஸ்டரில் இருப்பது அதைவிட எவ்வளவோ பெரிது. அதிலும் தலைப்பக்கம் மட்டும்தான் தெரிகிறது, மிச்ச உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இந்த அளவுப் பொய் பழைய வித்தை. 1958-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் உமன்’ போஸ்டரைப் பாருங்கள். ரெனால்ட் பிரவுன் வரைந்த அந்தப் பெண், நெடுஞ்சாலைப் பாலத்தின் இருபுறமும் காலை ஊன்றி நின்று காரைக் கையில் தூக்குகிறாள். 50 அடி ஆளுக்கு அது எட்டாது. படத்தில் அப்படியொரு காட்சியே கிடையாது! எனக்கு இந்தப் பொய் ரொம்பப் பிடிக்கும்.

படி 3: யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். ‘ஜாஸ்’ போஸ்டரில் நீர்மட்டம் ஒரு கோடு. அந்தப் பெண்ணுக்கு மேல்பாதி மட்டும்தான் தெரியும். நமக்கு இரண்டு பாதியும் தெரிகிறது. கத்திச் சொல்லவும் வழியில்லை. பயம் பல்லில் இருப்பதைவிட இந்தக் கோட்டில்தான் அதிகம் என்பேன்.

நிறத்துக்கு ஒரு வரி போதும்: சுறாப் படம்தான், ஆனால் போஸ்டரில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அந்தச் சிவப்பைத் தலைப்பு எழுத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

படி 4: எதைக் காட்டவில்லை என்று தேடுங்கள். 1979-இல் வந்த ‘ஏலியன்’ போஸ்டரில் இருட்டும், விரிசல் வழியே பச்சை ஒளி கசியும் ஒரு முட்டையும்தான். உள்ளே இருப்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். 2008-இல் வந்த ‘குளோவர்ஃபீல்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் தலையைக் காணோம், தூரத்தில் நகரம் புகைகிறது. பீடத்தை விட்டுவிட்டாலும் அந்தச் சிலை சுமார் 46 மீட்டர். படி 2-இல் நீந்துகிற பெண் செய்த அளவுகோல் வேலையை இங்கே சிலை செய்கிறது. ஆனால் விரலால் மறைத்துப் பார்க்கலாம் என்றால், பூதம்தான் எங்கேயும் இல்லை.