தினமும் மருந்து தேவைப்படும் நாயைத் தத்தெடுப்பது எப்படி? முதல்முறை வளர்ப்பவர்களுக்குப் படிப்படியாக

காப்பகங்களில் குட்டிகளுக்குச் சீக்கிரமே வீடு கிடைத்துவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற நாய், இன்சுலின் போட வேண்டிய நாய், இதயம் பலவீனமான நாய் எல்லாம் கூண்டிலேயே காத்துக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கூட்டிவர நினைக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இரக்கம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாய்க்கு உங்களிடமிருந்து தினமும் வேண்டியது நேரம் தவறாமை. கீழே உள்ளதை எல்லாம் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: மருந்து நேரத்தை உங்கள் நாளோடு வைத்துப் பாருங்கள்

இன்சுலினும், வலிப்புக்குத் தருகிற ஃபீனோபார்பிட்டாலும் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 7 மணி என்றால் இரவும் 7 மணி. அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? நீங்கள் ஊருக்குப் போனால் யார் கொடுப்பார்கள்? வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரலாம், அதனால் மருந்து கொடுக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். இதுவரை நாயே வளர்த்ததில்லை என்றால், தைராய்டு குறைபாடு உள்ள நாயிலிருந்து தொடங்கலாம் என்பேன். பெரும்பாலும் மாத்திரையும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் இருந்தால் நன்றாகவே இருக்கும்.

படி 2: ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்

“ஏதோ வலிப்பு வரும், மாத்திரை கொடுக்கிறோம்” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது, மருந்தின் பெயரும் அளவும் என்ன, கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது, கடைசி வலிப்பு எப்போது வந்தது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, இதயப்புழுவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் சோதித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த ஃபைலை உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். மருந்துச் செலவு மட்டும் போதாது, பரிசோதனைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் நாய்க்கு ரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். காப்பீடு எடுக்கலாம் என்று நினைத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பெரும்பாலும் பணம் தராது.

படி 3: காப்பகத்திலேயே மருந்து கொடுத்துப் பழகுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இதுதான் முக்கியமானது. அங்கே வழக்கமாக மருந்து கொடுப்பவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் கொடுத்துப் பாருங்கள்.

உணவில் ஒளித்துக் கொடுப்பது எளிது. மூன்று சின்ன உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள், நடு உருண்டையில் மட்டும் மாத்திரை. முதல் உருண்டையைக் கொடுங்கள். இரண்டாவதைக் கொடுக்கும்போதே மூன்றாவது அதன் கண்ணுக்குத் தெரியட்டும். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடும். வேர்க்கடலை வெண்ணெய் பயன்படுத்தினால் அதில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒரு இனிப்பு) இல்லை என்று லேபிளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், நாய்களுக்கு அது விஷம்.

சரி, உணவில் எடுக்காவிட்டால்? எதிரே நின்று குனியாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். ஒரு கையால் மேல்தாடையை, கோரைப் பற்களுக்குப் பின்னால் விரல்கள் இருக்கும்படி பிடித்து மூக்கைச் சற்றே உயர்த்துங்கள். மறு கையின் ஒரு விரலால் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்பகுதியில் நடுவாக மாத்திரையை வையுங்கள். வாயை மூடித் தொண்டையை மெதுவாக நீவிவிடுங்கள். நாக்கை நீட்டி மூக்கை நக்கினால் பெரும்பாலும் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கடிக்கிற நாய் என்றால் இந்த முறை வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைப் பொடியாக்கவும் கூடாது.

இன்சுலின் என்றால் சிரிஞ்சைக் கவனியுங்கள். மருந்து பெரும்பாலும் யூ-40, யூ-100 (ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு, 100 அலகு) என்று இரண்டு செறிவில் வரும், சிரிஞ்சும் அதற்கேற்றதுதான் வேண்டும். மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தவறிவிடும். நாய் சாப்பிடவில்லை என்றால் ஊசி போடும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முடிந்தால், முதலில் தற்காலிகப் பராமரிப்பாக வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி கேளுங்கள். பல காப்பகங்கள் சம்மதிக்கும்.

படி 4: முதல் வாரங்கள்

இரண்டு வாரத்துக்கான மருந்தோடு கூட்டிவாருங்கள். பழைய உணவையே தொடருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் ஒதுங்கிக் கிடப்பது பல நாய்களுக்கு இயல்பு. ஆனால் சர்க்கரை நோயுள்ள நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் காத்திருக்காதீர்கள்.

ஒரு நோட்டில் மருந்து, உணவு, தண்ணீர், மலம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இதய நோயாளி என்றால் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. பொதுவாக நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 5: அவசரத்துக்குத் தயாராக இருங்கள்

வலிப்பு வந்தால் இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கை வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரலைத்தான் கடித்துவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

இன்சுலின் போடுகிற நாய் தள்ளாடினால், சோர்ந்து சரிந்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாக முடியும். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், அதன் கீழே மருந்துகளின் பெயரும் அளவும் இருக்கட்டும்.