வீட்டுத்திட்டத்துக் காசு யாருடையது? கொழும்புத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு செய்முறை

வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு, மட்டக்குளிப் பக்கத்துத் தோட்டங்களில், அதாவது கொழும்பின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கோடிக்கணக்கு காதில் விழும். "இத்தனை கோடியில் வீடு வருகுதாம்." அது கடனா, இனாமா, அதில் நம்முடைய காசு எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: யாருடைய திட்டம் என்று கண்டுபிடியுங்கள்

கட்டுமான இடத்துப் பலகையைப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்த கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும். ஒன்று, 1979இல் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை. பிரேமதாச பிரதமராக இருந்தபோது, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இதன் வழியாகத்தான் நடந்தது. அதில் அரசு கட்டிக்கொடுத்ததைவிட, சின்னக் கடன் கொடுத்து மக்களையே கட்டவைத்ததுதான் அதிகம்.

மற்றது நகர அபிவிருத்தி அதிகார சபை. கொழும்பில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் இருப்பதாகக் கணக்கெடுத்து, 2010க்குப் பிறகு உயரமான தொடர்மாடிகளை எழுப்பியது இதுதான். மாநகர சபையின் பழைய குடியிருப்புகளில் இருப்பவர்கள் தவிர, மற்றவர்கள் நகர மண்டபத்துக்கு அலையத் தேவையில்லை.

படி 2: வரவு செலவுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்

நம் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும். அதன் மதிப்பீடுகள் திறைசேரியின் இணையத்தளத்தில் இருக்கும். வீடமைப்பும் நகர அபிவிருத்தியும் எந்த அமைச்சின் கீழ் என்று முதலில் பாருங்கள். ஆட்சி மாறினால் அமைச்சின் பெயரும் மாறும். அதற்குள் மூலதனச் செலவினம் (கட்டிடம் போன்ற சொத்துகளுக்கான செலவு) என்ற பகுதிக்குப் போய் உங்கள் திட்டத்தின் பெயரைத் தேடுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். 11 என்றால் உள்நாட்டு நிதி, 12 என்றால் வெளிநாட்டுக் கடன், 13 என்றால் வெளிநாட்டு நன்கொடை. ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் கொழும்பு நகர மீளுருவாக்கத்துக்கு ஒப்புக்கொண்டது 20 கோடி டொலர் கடன். நாடே திருப்பிக் கட்டவேண்டும். சீன உதவியில் வரும் 1,996 வீடுகள் நன்கொடை. மேடையில் இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தான்.

அப்புறம், ஒதுக்கியதும் செலவழித்ததும் ஒன்றல்ல. இரண்டு வருடத்துக்கு முந்தைய உண்மைச் செலவு அதே வரியில் இருக்கும். அதை அந்த வருடத்துப் புத்தகத்தில் ஒதுக்கிய தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் புத்தகத்தில் எல்லாக் காசும் வராது. தொடர்மாடித் திட்டத்தின் அடிப்படையே, தோட்டத்து ஆட்களை மேலே ஏற்றிவிட்டு, காலியாகும் காணியை முதலீட்டாளருக்குக் கொடுத்து செலவை ஈடுகட்டுவது. கொம்பனித்தெருக் காணியின் விலை எவ்வளவு அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே "அரசு சும்மா வீடு தந்தது" என்று யாராவது சொன்னால், காணியை யார் தந்தது என்று கேளுங்கள்.

படி 3: உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள்

என்னைக் கேட்டால், வீடில்லாமல் போவதைத் தடுக்கும் இடம் இதுதான். வனாத்தமுல்லையில் தொடர்மாடிக்குப் போன குடும்பங்களிடம் ஒரு இலட்சம் முற்பணமும், அதன்பிறகு 20 வருடத்துக்கு மாதம் 3,960 அல்லது 30 வருடத்துக்கு மாதம் 2,650 ரூபாயும் கேட்கப்பட்டது. பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 950,400, இரண்டாவது 954,000. மொத்தத்தில் வித்தியாசம் 3,600 ரூபாய்தான், மாதத்துக்கோ 1,310 ரூபாய் குறைகிறது. புறக்கோட்டையில் நாட்கூலிக்கு மூட்டை தூக்கும் ஒருவருக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. ஆனால் பத்து வருடம் கூடுதலாகக் கட்டவேண்டும்.

உங்கள் திட்டத்தில் தொகை வேறாக இருக்கும்; கணக்குப் போடும் முறை இதேதான். தவணையோடு பராமரிப்புக் கட்டணம், கரண்ட், தண்ணி எல்லாவற்றையும் கூட்டுங்கள். தோட்டத்தில் வீட்டு வாசலில் இடியப்பம் விற்றவர்கள் எட்டாம் மாடியில் யாருக்கு விற்பது? அந்த வருமானத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

சாவி வாங்குமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: கட்டி முடியும்வரை வாடகைக் கொடுப்பனவு உண்டா, எத்தனை மாதம்? தவணை தவறினால் என்ன? வீட்டு உறுதி (உரிமைப் பத்திரம்) எப்போது கையில் வரும்? லிஃப்ட் பழுதானால் செலவு யாருடையது?

உறுதி இல்லாதவர்கள் பயந்து சும்மா இருந்துவிடக்கூடாது. 2001இல் அரசு ஏற்ற மீள்குடியமர்த்தல் கொள்கை, அபிவிருத்திக்காக வெளியேற்றப்படும் ஆட்களில் காணி உரிமைப் பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்தவேண்டும் என்கிறது.

படி 4: பதில் வராவிட்டால் தகவல் கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுத்திட்டம் பற்றிய எல்லா விபரமும் தருக" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாத பதில்தான் வரும். இப்படிக் குறுக்கிக் கேளுங்கள்:

"இத்திட்டத்துக்கு 2023, 2024 ஆண்டுகளில் ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும் எவ்வளவு? ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு எவ்வளவு? எங்கள் தோட்டம் இருந்த காணி இப்போது யாரிடம், எந்த நிபந்தனையில் உள்ளது?"

தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

படி 5: கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையைப் புரட்டுங்கள்

அரசு நிறுவனங்களின் கணக்கைச் சரிபார்ப்பவர் இவர். இரண்டு அதிகார சபைகளைப் பற்றியும் ஆண்டறிக்கை வரும். முழுவதும் படிக்காமல் "வீடுகள்", "நிலுவை" என்ற சொற்களை மட்டும் தேடினாலே போதும்.

கடைசியாக, கூட்டுக் குடும்பங்களுக்கு. தோட்டத்தில் ஒரே வீட்டு இலக்கத்தில் அம்மா, அண்ணன் குடும்பம், தங்கச்சி குடும்பம் என்று மூன்று அடுப்பு எரியும். கணக்கெடுப்பில் ஒரு வீடு என்று பதிந்தால் ஒரு வீடுதான் வரும், மற்ற இரண்டு குடும்பமும் வாடகைக்கு அலையவேண்டும். கணக்கெடுக்க வரும்போதே தனித்தனிக் குடும்பம் என்று பதியச் சொல்லுங்கள். தேர்தல் இடாப்பில் உள்ள பெயர்களின் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும் அப்போது கையில் இருக்கட்டும்.