புதுக் கட்டுமானத்துக்கு முன் பழைய கடைவீதியை மதிப்பிடுவது எப்படி?

நகர மையத்தில் பெரிய கட்டுமானம் வரப்போகிறது என்றால், அங்கே ஏற்கெனவே நிற்கும் பழைய கட்டடங்களை யாராவது மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுத் திட்டத்தின் வரைபடத்தைப் பிரிப்பதற்கு முன்பே மதிப்பீட்டை எழுதி முடித்துவிடுங்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டால், குறுக்கே நிற்பதெல்லாம் நம்மை அறியாமலே ‘சாதாரணக் கட்டடம்’ ஆகிவிடும்.

படி 1: எல்லை

மனைக்குள் இருப்பவை மட்டும் போதாது. ஒட்டிய சுவர்கள், எதிர் வரிசை, பின்சந்து எல்லாம் சேரட்டும். பள்ளம் தோண்டினால் அடி வாங்குவது பக்கத்துக் கட்டடம்தானே. எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிபவற்றை மட்டும் பொறுக்காதீர்கள்.

படி 2: வயது

நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான், பிடிக்கட்டும். முகப்பை நம்ப வேண்டாம். கடைவீதியில் கீழ்த்தளம் அடிக்கடி முகம் மாறும். பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள், அப்புறம் பின்பக்கம் போங்கள். பூசாத சுவர், செங்கல்லின் அளவு, சுண்ணாம்புச் சாந்தா சிமெண்டா என்பது, இரும்பு உத்தரத்தில் பதிந்திருக்கும் தயாரிப்பாளர் பெயர் எல்லாம் அங்கே கிடைக்கும். உச்சியில் பொறித்த ஆண்டையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். அது கடை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், முகப்பை மாற்றிக் கட்டிய ஆண்டாகவும் இருக்கலாம்.

பிறகு காகிதம்: பழைய நில அளவை வரைபடங்கள், தீக்காப்பீட்டு வரைபடங்கள், வரிப் பதிவேடுகள், தெருப் புகைப்படங்கள். வெவ்வேறு காலத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதி பின்னால் ஒட்டியது என்று தெரிந்துவிடும்.

படி 3: மதிப்பு

பாரம்பரிய இடங்களை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு வழிகாட்டியாக ஆஸ்திரேலியாவில் 1979-ல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் இதற்கு நல்ல கருவி. அதன் இன்றைய வடிவம் ஐந்து கோணங்களைச் சொல்கிறது: அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம். சமூக மதிப்பைக் கண்ணால் பார்த்து எழுத முடியாது. அங்கே வாழ்ந்தவர்களிடமும் வேலை பார்த்தவர்களிடமும் கேட்க வேண்டும். தனியாகப் பார்த்தால் சுமாரான நாலு கட்டடங்கள், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பதால் மட்டுமே முக்கியமாகலாம்; அதையும் குறியுங்கள்.

வயதை மட்டும் அளவுகோலாக வைப்பது ஆபத்து. வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் சேரப் பொதுவாக 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், விதிவிலக்குகளும் உண்டு. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1910-ல் திறந்தது. 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது அதற்கு 53 வயதுதான். அந்த நகரத்துக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1965-ல், அந்த இழப்புக்குப் பிறகு.

படி 4: நிலை

இதைத் தனித்தாளில் எழுதுங்கள். ‘பாழடைந்திருக்கிறது, அதனால் மதிப்பில்லை’ என்ற வாக்கியம்தான் பல நல்ல கட்டடங்களை விழுங்கியிருக்கிறது. மதிப்பு வேறு, நிலை வேறு.

முதலில் தண்ணீரைத் தேடுங்கள்: அடைத்த மழைநீர்க் குழாய், கூரை ஓரம், சுவரின் அடிப்பகுதியில் ஏறும் ஓதம். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பூச்சு உதிர்வதைப் பார்த்து சுவரே போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். விரிசலின் அகலத்தை அளந்து குறியுங்கள். பிரிட்டனில் புழங்கும் வகைப்பாட்டில் ஏறத்தாழ 5 மி.மீ. வரை பெரும்பாலும் தோற்றக் குறையாகவே கொள்கிறார்கள். ஆனால் அகலத்தைவிட, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. விரிசலின் குறுக்கே அளவுக்குறி (நகர்வைக் காட்டும் சிறு அளவுகோல்) ஒட்டிச் சில மாதம் கவனிக்க வேண்டும். மரத்தளம், உத்தர முனைகள் எல்லாம் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டியவை.

படி 5: தரம்

மூன்று நான்கு தரம் போதும். இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் முதல் தரத்தில் இருப்பவை சுமார் 2.5 சதவீதம், பத்தில் ஒன்பதுக்கும் மேல் கடைசித் தரமான இரண்டாம் தரம்தான். அதுவும் சட்டப் பாதுகாப்புக்குள் வருவதே. தரத்துக்குப் பக்கத்தில் காரணத்தை இரண்டு வரியில் எழுதாவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

படி 6: இப்போது வரைபடம்

சரி, இனிப் புதுத் திட்டத்தைப் பிரிக்கலாம். எது இடிபடுகிறது, எதன் மேல் நிழல் விழுகிறது, எங்கே பள்ளம் என்று எண்வாரியாகப் பாருங்கள். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் கோபுரம் எழுப்புவதைப் ‘பாதுகாப்பு’ என்று எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் கணக்கில் அது பெரும்பகுதி இடிப்பே. அதிர்வுக்கு ஜெர்மன் தரநிலை டி.ஐ.என் 4150-3 உதவும்: எளிதில் பாதிக்கப்படும் பழைய கட்டடங்களின் அடித்தளத்தில், 10 ஹெர்ட்ஸ் வரையான குறைந்த அதிர்வெண்ணில் அதிர்வின் வேகம் வினாடிக்கு 3 மி.மீ. என்பது அதன் வழிகாட்டு அளவு. பள்ளம் தோண்டும் முன் பக்கத்துக் கட்டடங்களின் விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து, உரிமையாளரின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பின்னால் நஷ்டஈட்டுப் பேச்சு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.