டெயில்வீல் விமானம் துள்ளினால் மூக்கை அமுக்காதீர்கள்

எங்கள் தெருப் பையன் ஒருவன் மூக்குக்குக் கீழேயும் சக்கரம் உள்ள சிறிய விமானமான செஸ்னா 172-இல் பயிற்சி முடித்தவன். அடுத்த மாதம் டெயில்வீல் விமானம், அதாவது முன்னால் இரண்டு சக்கரமும் வாலுக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரமும் உள்ள விமானம், பழகப் போகிறான். போன ஞாயிறு சாயங்காலம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: "இறங்கும்போது துள்ளிடுச்சுன்னா உடனே மூக்கை அமுக்கி உட்கார வச்சிடணுமா சார்?"

எனக்குப் பகீர் என்றது. முப்பது வருடத்துக்கு முன்னால் புஷ்பக் என்கிற டெயில்வீல் பயிற்சி விமானத்தில் நான் செய்ததும் அதைத்தான்.

டயரும் ஸ்பிரிங்கும் பந்து மாதிரி எகிறுவதால்தான் விமானம் துள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் உண்மையில் தூக்குவது இறக்கைதான். டெயில்வீல் விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரம் தரையில் மோதி நின்றாலும், பின்னால் இருக்கிற எடை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வால் சட்டென்று தாழும், மூக்கு நிமிரும். இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் கூடும். வேகம் இன்னும் மிச்சமிருந்தால் விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிவிடும். செஸ்னா 172-இல் எடை மையம் பிரதான சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால். மோதியதும் மூக்கு தாழும், தூக்கும் விசை குறையும். அந்த விமானம் மன்னித்துவிடுகிற தவறை டெயில்வீல் விமானம் மன்னிப்பதில்லை.

சரி, அமுக்கினால் என்ன ஆகும்? துள்ளியதைக் கண்ணும் மனசும் உணர்ந்து, கை கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னால் தள்ளி, மூக்கு தாழ்வதற்குள் விமானம் தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும். அதன்மேல் நாமும் அமுக்குகிறோம். முன்சக்கரம் முதல் தடவையைவிட பலமாக மோதும். வால் இன்னும் வேகமாக விழும். அடுத்த துள்ளல் இன்னும் உயரம். பயத்தில் மறுபடி அமுக்குகிறோம். என் கதையில் மூன்றாவது துள்ளலோடு முடிந்தது. "டக்" என்று ஒரே ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. ப்ரொப்பெல்லர் தரையைத் தட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் மேக்னெட்டோவை (இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற சாதனம்) அணைத்தார். அப்படித் தட்டினால் ப்ரொப்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாது, இன்ஜினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? வால் தூக்கிய நிலையில் ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் குறைந்தது 9 அங்குலம் இருந்தால் போதும் என்றுதான் சிறிய டெயில்வீல் விமானங்களுக்கான அமெரிக்க வடிவமைப்பு விதி சொல்லியது. சரியாக ஒரு சாண். பையனை கையை விரித்துத் தரையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நேர் எதிரான தவறு, பதறிப்போய் இழுப்பது. துள்ளும்போது வேகம் மளமளவென்று குறையும். அந்த நேரத்தில் மேலும் இழுத்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, இருக்கிற உயரத்திலிருந்து பொத்தென்று விழும். இப்படி விழுந்தால் சக்கரக் கால் மடங்கிவிடலாம்.

அப்படியானால் கை என்ன செய்ய வேண்டும்? மூன்று சக்கரமும் சேர்ந்து தொடுகிற நிலையில் மூக்கு எங்கே இருக்குமோ, அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கண் ஓடுதளத்தின் கடைக்கோடியில் இருக்கட்டும். மூக்கின் கீழே தரையைப் பார்த்தால் உயரம் புரியாது. துள்ளல் முழங்கால் உயரம்தான் என்றால், த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கிற பிடி) கொஞ்சமாகத் திறந்து விழுகிற வேகத்தைத் தணித்து, விமானம் அமர அமர மெல்லப் பின்னால் இழுத்து இறக்கிவிடலாம். அதைவிட உயரமாகவோ கோணலாகவோ இருந்தால் முழு த்ராட்டில், மறுபடி சுற்றி வந்து இறங்குங்கள். இந்த முடிவைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். இரண்டாவது துள்ளல் வரை காத்திருக்காதீர்கள்.

முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தானாக நிமிரும். இறங்குவதற்காக வைத்த ட்ரிம் (மூக்கைக் கை அழுத்தாமலே ஒரு நிலையில் நிறுத்துகிற அமைப்பு) அப்படியே இருக்கிறதல்லவா? அப்போது மட்டும் முன்னால் தள்ளிப் பிடிக்கத்தான் வேண்டும். பெரும்பாலான விமானங்களில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டர் (காலால் மிதித்து இயக்குகிற வால் திசைத்தட்டு) தேவைப்படும். ஃபிளாப் (தூக்கும் விசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் இறக்குகிற தகடு) இருக்கிற விமானம் என்றால் அதை ஒரே வீச்சில் மடக்காதீர்கள், விமானம் அமிழ்ந்துவிடும். முன்னிரண்டு சக்கரத்தில் மட்டும் இறங்கும் முறையில் தொட்ட கணத்தில் லேசாக முன்னால் அழுத்துவார்கள். அது சக்கரம் தரையில் இருக்கும்போது செய்வது. காற்றில் இருக்கும்போது செய்தால் என் கதைதான்.

நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று கடல்காற்று. லாஸ்பேட்டை ஓடுதளத்தின் எண்கள் 07, 25. 07 என்றால் கிட்டத்தட்ட கிழக்கு நோக்கி (70 டிகிரி) இறங்குவது. மத்தியானத்துக்கு மேல் காற்று தென்கிழக்கிலிருந்து ஏறிவந்தால், 07-இல் இறங்குகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். துள்ளி மேலே இருக்கிற இரண்டு மூன்று வினாடியில் விமானம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கை துள்ளலைக் கவனிக்கிறது, கால் சும்மா இருக்கிறது. நகர்ந்தபடியே தொட்டால் வால் முன்னால் வரப் பார்க்கும், விமானம் பம்பரம் போலச் சுழலும். எடை மையம் பின்னால் இருப்பதால் தொடங்கிய சுழற்சி கூடிக்கொண்டே போகும். அதனால் காற்று வருகிற பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி நகர்வை நிறுத்துங்கள், ரட்டரால் மூக்கை நேராக வையுங்கள். குதிகால் பிரேக்கில் இருக்கக் கூடாது.

பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். பலமாகத் துள்ளிய விமானத்தை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடாதே. ப்ரொப்பெல்லர் நுனி, சக்கரக் காலின் இணைப்புகள், வால்சக்கர ஸ்பிரிங்கின் போல்ட், எல்லாவற்றையும் குனிந்து பார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இத்தனை தடவை துள்ளியது என்று மறைக்காமல் சொல்.