வெயில் காலத்துக்குப் பழச்சுவை ஐஸ்கிரீம் ஃப்ளோட்

உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் பழப்பாகு, அதன் மேல் குளிர்ந்த சோடா, அதற்கும் மேல் மிதக்கும் ஐஸ்கிரீம் உருண்டை: ஐஸ்கிரீம் ஃப்ளோட் என்பது இவ்வளவுதான். செய்வது எளிது என்பதாலேயே பலரும் கையில் கிடைத்ததை எல்லாம் கலந்துவிடுகிறார்கள். விளைவாகக் கிடைப்பது வாயு அடங்கிப்போய், இனிப்பு மட்டும் மிகுந்து, பழத்தின் மணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு பானம். நல்ல ஃப்ளோட்டுக்கு இரண்டு விஷயங்களில் கவனம் போதும். பழத்தை நீர்த்த சாறாகச் சேர்க்காமல் செறிவான பாகாகச் சேர்க்க வேண்டும்; ஊற்றுவதற்கு முன்பே குவளை உட்பட அனைத்தையும் நன்றாகக் குளிர வைத்துவிட வேண்டும்.

இனிப்பும் நிறமும் ஏற்கெனவே சேர்த்து விற்கப்படும் பழச்சுவைக் குளிர்பானங்களைக் காட்டிலும், இனிப்பில்லாத வெறும் சோடாவையே நான் பரிந்துரைப்பேன். ஐஸ்கிரீமில் சர்க்கரை உண்டு, பாகிலும் உண்டு. பானத்திலும் அது சேர்ந்தால் பழத்தின் புளிப்பு முற்றிலும் அமுங்கிவிடுகிறது. 1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த ஒரு கண்காட்சியில் ஐஸ்கிரீம் சோடாவை முதன்முதலில் விற்றவர் தாமே என்று ராபர்ட் கிரீன் என்ற வியாபாரி பின்னாளில் உரிமை கொண்டாடினார். வேறு சிலரும் அதே உரிமையைக் கோரியிருக்கிறார்கள். முதலில் செய்தவர் யாராக இருந்தாலும், அக்காலத்துச் சோடாக் கடைகளில் வாயு ஏற்றிய நீரும் நறுமணப் பாகும் தனித்தனியாகவே இருந்தன. வாடிக்கையாளரின் கண் முன்னேதான் அவை குவளையில் சேர்ந்தன. வீட்டிலும் அந்த முறையைப் பின்பற்றினால் இனிப்பின் அளவு நம் கையில் இருக்கும்.

முதலில் பாகு. ஸ்ட்ராபெரி, ராஸ்ப்பெரி, செர்ரி, கறுப்புத் திராட்சை போன்றவற்றுக்கு ஒரே முறை பொருந்தும். 250 கிராம் பழத்தைக் கழுவிக் காம்பும் கொட்டையும் நீக்கி, பெரிய பழமாக இருந்தால் நறுக்கி, 75 கிராம் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்துக் கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துவிடுவதால் மேற்கொண்டு தண்ணீர் தேவைப்படாது. பிறகு சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம், பழம் குழைந்து பாகு கரண்டியில் இலேசாக ஒட்டும்வரை காய்ச்சி இறக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கலாம். சூட்டோடு சுவைத்துப் பார்க்கும்போது சற்று அதிகமாக இனிப்பதுபோல் தோன்றினால் அதுவே சரியான அளவு. குளிர்ந்த பொருளில் இனிப்பு நம் நாவுக்குக் குறைவாகவே தெரியும்.

இதை நுண்ணிய வடிகட்டியில் வடித்தாக வேண்டும். தோற்றத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சோடாவில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பழத்துணுக்கு போன்ற சிறு துகள்களைப் பற்றிக்கொண்டு குமிழிகளாக வெளியேறுகிறது. சக்கை நிறைந்த பாகின் மீது சோடாவை ஊற்றினால் நுரை பொங்கி வழிந்துவிடும். சிறிது நேரத்தில் குவளையில் வாயுவே மிஞ்சாது. வடித்தபின் மிஞ்சும் சக்கையை வீணாக்க வேண்டாம், தயிரில் கலந்து உண்ணலாம்.

எல்லாப் பழத்தையும் இப்படிக் காய்ச்சிவிட முடியாது. மாம்பழத்தை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் மணம் மாறிவிடும். ஆகவே 200 கிராம் கனிந்த சதையை 40 கிராம் சர்க்கரையுடன் அரைத்து வடிகட்டி, சர்க்கரை கரையும் அளவுக்கு இலேசாகச் சூடுபடுத்தினால் போதும். இந்தக் கூழ் கெட்டியாக அடியில் தங்கிவிடும் என்பதால், ஐஸ்கிரீமைப் போடுவதற்கு முன் குவளையில் சிறிதளவு சோடாவை விட்டு நன்றாகக் கலக்கிக்கொள்ள வேண்டும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். காய்ச்சினால் அதன் இளம் மணம் போய்விடும். அதன் சாற்றை வடிகட்டி ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டிகளைக் குவளையில் இடுவதே சிறந்த வழி. சாதாரண ஐஸ்கட்டி உருக உருகப் பானத்தை நீர்க்கச் செய்யும். பழச்சாற்றுக் கட்டியோ உருகும்போது சுவையைக் கூட்டும்.

அன்னாசி, கிவி ஆகிய இரண்டையும் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதியும் கிவியில் ஆக்டினிடின் என்ற நொதியும் உள்ளன. இவை பாலின் புரதத்தைச் சிதைப்பதால் ஐஸ்கிரீம் கசக்கத் தொடங்கும். கொதிக்கும் சூட்டில் இந்த நொதிகள் செயலிழந்துவிடும் என்பதால், இவற்றின் பாகை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பத்து நிமிடமாவது காய்ச்சிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆரஞ்சும் எலுமிச்சையும் வேறுவிதமான சிக்கலைத் தருகின்றன. புளிப்பு அதிகமானால் பால் புரதம் திரண்டு, ஐஸ்கிரீமைச் சுற்றி வெண்ணிறத் துணுக்குகள் மிதக்கத் தொடங்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்றாலும் பார்க்க நன்றாக இராது. சாற்றுக்குப் பதில் தோலின் மணத்தைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்க்கலாம். பழத்தின் வெளித்தோலை, அதற்குக் கீழுள்ள வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகத் துருவி, 75 கிராம் சர்க்கரையுடன் விரல்களால் தேய்த்து அரை மணி நேரம் விட்டால் தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிடும். அதில் 75 மில்லி லிட்டர் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் வடித்துக்கொள்ளலாம். ஆரஞ்சு மணமும் வெனிலாவும் இணையும்போது கிடைக்கும் சுவை, என் பார்வையில், மற்ற எல்லாக் கூட்டணிகளையும் மிஞ்சுவது.

ஐஸ்கிரீமைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டப்பாக்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருப்பதில் காற்று குறைவு. சில வகைகளில் கொள்ளளவில் பாதியளவுக்குக் காற்றே இருக்கும். அவை சோடாவில் பட்டதும் நுரையாகப் பரவுமே தவிர, நாவில் நிறைவான சுவை தங்காது. வெனிலா எதனுடனும் ஒத்துப்போகும். மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமும், செர்ரிக்குச் சாக்லேட்டும் நன்றாகப் பொருந்தும். பால் சேராதவர்கள், பழச்சாற்றைப் பாலின்றி உறையவைத்துச் செய்யும் சோர்பே பயன்படுத்தலாம். அதில் பால் புரதம் இல்லாததால் நுரை திரண்டு நிற்காது, ஆனால் புளிப்புப் பழங்களுடன் திரிந்துபோகும் என்ற கவலையும் இல்லை.

குளிர்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஃப்ளோட்டுகள் கெடுவது இங்கேதான். திரவம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு அதிகமாக வாயுவைத் தன்னுள் வைத்திருக்கும். உறைநிலையை ஒட்டிய நீரில், 20 டிகிரி செல்சியஸில் உள்ள நீரைப் போல ஏறத்தாழ இருமடங்கு கரியமில வாயு கரைந்திருக்க முடியும். எனவே சோடாவை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவசரத்துக்காக உறைபெட்டியில் வைத்து மறந்துவிட்டால் உள்ளே உறையும் நீர் விரிந்து பாட்டில் வெடிக்கக்கூடும், அதிலும் கண்ணாடி பாட்டில் மிகவும் ஆபத்தானது. பாகும் குளிர்ந்திருக்க வேண்டும். தடித்த குவளைகளை ஈரமின்றித் துடைத்து, உறைபெட்டியில் இருபது நிமிடம் வைக்கலாம். ஐஸ்கிரீமையும் முன்கூட்டியே உருண்டைகளாக எடுத்து, தாள் விரித்த தட்டில் அடுக்கி, மீண்டும் ஒரு மணி நேரம் உறையவைத்தால் அது பானத்தில் மெதுவாகக் கரையும். விருந்தினர் பலர் வரும் நாளில் இந்த ஏற்பாடு நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இனிச் சேர்க்கும் முறை. 400 மில்லி லிட்டர் பிடிக்கும் குவளையில் மூன்று மேசைக்கரண்டி பாகை ஊற்றி, கால் பங்கு அளவுக்குச் சோடா விட்டு, நீண்ட கரண்டியால் ஒரு முறை கலக்குங்கள். பிறகு குவளையைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவரை ஒட்டி மெதுவாகச் சோடாவைப் பாதிக்குச் சற்று மேல் வரை ஊற்றி, நுரை அடங்கக் காத்திருங்கள். அடுத்து ஒரு உருண்டை ஐஸ்கிரீமைக் கரண்டியில் ஏந்தி மெல்ல இறக்கி, குவளை பெரிதாக இருந்தால் இரண்டாவதையும் வைக்கலாம். ஐஸ்கிரீமின் பனித்துகள்கள் வாயுவைக் குமிழியாக்க, பால் புரதமும் கொழுப்பும் அக்குமிழிகளைச் சுற்றிப் படிந்து அவற்றை உடையாமல் காக்கின்றன. அந்தக் கெட்டி நுரையே ஃப்ளோட்டின் தனிச்சிறப்பு. அது எழுவதற்கென்று விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை இடம் விட்டுவைக்க வேண்டும். நுரை தணிந்ததும் மீதிச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ஐஸ்கிரீம் விழுந்த பிறகு கலக்க வேண்டாம், கலக்கினால் வாயு முழுவதும் வெளியேறிவிடும்.

மேலே ஒரு புதினா இலையோ இரண்டு பழத்துண்டுகளோ போதும். சிறு குழந்தைகளுக்குத் தருவதாக இருந்தால் முழுத் திராட்சையையும் முழுச் செர்ரியையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கொட்டை நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஃப்ளோட்டைத் தயாரித்து வைத்துவிட்டுப் பிறகு பரிமாற முடியாது. எல்லோரும் அமர்ந்த பிறகே சோடாவைத் திறந்து, நீண்ட கரண்டியும் அகலமான உறிஞ்சுகுழலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சிய பாகு சுத்தமான கண்ணாடிப் புட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். மாம்பழக் கூழை மட்டும் இரண்டு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.